புரிந்ததா என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும்

நடுவர் அவர்களே, வகுப்பறையில் தொழில்நுட்பக் கருவிகள் கற்றலுக்குத் துணையா, இடையூறா என்பது இன்றைய கேள்வி. துணைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி அழகாகக் கேட்டார்: "பிள்ளையின் முகத்தைப் பார்த்தே நல்ல ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார், அவருக்கு எதற்குக் கருவி?" முகமா? "புரிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள், நாற்பது தலையும் ஆடும். புரியாத தலை இன்னும் கொஞ்சம் வேகமாகவே ஆடும். நானும் ஆட்டியிருக்கிறேன்.

சரி, ஒரு கணக்கு. 0.5, 0.35 இரண்டில் எது பெரியது? 0.35 என்று சொல்லும் பிள்ளை சோம்பேறி இல்லை. ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியது என்று முழு எண்ணில் படித்ததைத் தசமத்திலும் நம்பிக்கையோடு போடுகிறது. கை தூக்கச் சொன்னால், நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்போது தூக்குகிறது என்று பார்த்துத் தானும் தூக்கிவிடும். பரீட்சைத் தாளில் இந்தத் தப்பு வெளியே வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் தனித்தனியாக வாங்கிக் காட்டும் கருவியில் அதே கேள்வியைக் கேட்டால், யார் யார் 0.35-இல் நிற்கிறார்கள் என்று அந்த நிமிடமே தெரியும். மேலே போவதா, இடமதிப்பை மறுபடி நடத்துவதா என்று ஆசிரியர் அங்கேயே முடிவெடுக்கலாம்.

"ஆளுக்கொரு செல்போன் கொடுத்தால் பாடமா நடக்கும்?" என்றார். யார் கொடுக்கச் சொன்னது? பிளிக்கர்ஸ் என்ற கருவியில் பிள்ளைகள் கையில் இருப்பது வெறும் காகித அட்டை. அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகளுக்கு; தன் விடை மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால் போதும். ஆசிரியர் தன் செல்போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் எல்லா விடையும் பதிவாகிவிடும். ஆளுக்கு ஆள் அட்டையில் அச்சிட்ட வடிவம் வேறு, எட்டிப் பார்த்தாலும் பயனில்லை.

கருவி வந்தால் பேச்சு நின்றுவிடுமாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், கணக்கைச் சரியாகப் போடும் மாணவர்கள் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, 1990-களின் தொடக்கத்தில் முறையை மாற்றினார். முதலில் தனியாக விடை, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. அந்த விடைகளை எண்ணும் வேலையைத்தான் பின்னாளில் கிளிக்கர் என்ற, பொத்தானை அமுக்கி விடை அனுப்பும் சிறு கருவி எடுத்துக்கொண்டது. அங்கே வகுப்பே சலசலவென்று பேசுகிறது!

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேகமாக அமுக்கினால் அதிகப் புள்ளி என்ற விளையாட்டு எனக்கும் பிடிக்காது. நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு அது தண்டனை. புள்ளியை எடுத்துவிட்டு நடத்தட்டும்.

தோழியிடம் ஒரே கேள்வி: கடைசி பெஞ்சில் ஒருநாளும் கை தூக்காத பிள்ளை 0.35 என்று நினைத்துக்கொண்டிருப்பதை, மணி அடிப்பதற்குள், முகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?