காக்கையும் கணக்கில் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 1-ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அநேகமாக ஒரு காக்கையாகத்தான் இருக்கும். மற்ற நாட்களில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பறவைகளுக்கு ஆண்டுப் பட்டியல் எழுதுகிற வீட்டில் மட்டும் அன்றைக்கு அதற்குத் தனி மரியாதை. "முதல் பறவை! நான்தான் பார்த்தேன்!" என்று ஒரு குரல் எழும். "உனக்கு முன்னாடியே நான் ஜன்னல் வழியா பார்த்துட்டேன்" என்று இன்னொரு குரல் சண்டைக்கு வரும். ஜன்னல் வழியாகப் பார்த்தது கணக்கில் சேருமா, சேராதா? அந்த வழக்கைத் தீர்த்து வைப்பதற்குள் காக்கை போய்விடும்.

ஆண்டுப் பட்டியல் ரொம்ப எளிமையான ஏற்பாடு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பார்த்த பறவை இனங்களை எழுதி வைப்பது, அவ்வளவுதான். மறுநாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பறவை நோக்கர்கள் வாழ்நாள் பட்டியல் என்று இன்னொன்றும் வைத்திருப்பார்கள். அதில் ஓர் இனத்துக்கு ஆயுளுக்கும் ஒரே ஒரு வரிதான். நாளாக ஆக, அக்கம்பக்கத்துப் பறவைகள் எல்லாம் அதில் ஏறிவிடும். புதிதாக ஒன்றைச் சேர்க்க தூரம் போக வேண்டும், செலவு செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரிப்பட்டு வராது. ஆண்டுப் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் சிட்டுக்குருவியும் புறாவும் மறுபடி புதுப் பறவைகளாகிவிடுகின்றன.

இதையே பெரிய பந்தயமாக நடத்துகிறவர்களும் உண்டு. பறவைக் கையேடுகளுக்குப் பேர்போன ராஜர் டோரி பீட்டர்சன், 1953-இல் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஜேம்ஸ் ஃபிஷரோடு சேர்ந்து வட அமெரிக்காவைச் சுற்றினார். அந்த ஆண்டு அவர் கணக்கு 572 இனங்கள். 2015-இல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் ஏழு கண்டங்களுக்கும் போய் 6,042 இனங்களைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்துக்காரர் ஒருவர் 6,800-ஐத் தாண்டிவிட்டார். உலகத்தில் இருக்கிற பறவை இனங்களே சுமார் 11,000-தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் விடுமுறை நாள் பிற்பகலில் கிடைக்கிற இரண்டு, மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு நாம் அவர்களோடு போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

குடும்பப் பட்டியல் என்றால் முதலில் விதிகளைப் பேசித் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பறவைகளைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. சேர்ந்து வெளியே போகும்போது பார்த்தவை மட்டும்தான் கணக்கு என்று முடிவானது. பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து மகள் பார்த்தது வராது, அலுவலக மாடியிலிருந்து நான் பார்த்ததும் வராது. ஜன்னல் வழக்கும் அதோடு தள்ளுபடி. சரி, எல்லோரும் போயிருக்கும்போது ஒருவர் கண்ணில் மட்டும் பட்டால்? ஒருவர் போதும், ஆனால் அந்தப் பறவையிடம் கவனித்த இரண்டு அடையாளங்களையாவது அவர் சொல்ல வேண்டும். "பெரிசா இருந்துச்சு" என்பது அடையாளம் ஆகாது. வால் பிளவுபட்டிருந்ததா, அலகு வளைந்திருந்ததா, இறக்கையை அடித்துப் பறந்ததா, அடிக்காமல் மிதந்ததா, அதைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியால் பிள்ளைகள் பார்க்கிற விதமே மாறிவிட்டது. பெயர் கேட்பதற்கு முன்னால் வாலைப் பார்க்கிறார்கள்.

பெரிய தகராறு குரல் விஷயத்தில்தான் வந்தது. என் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. காது மட்டும் இன்னும் கூர்மை. புதருக்குள்ளிருந்து 'ஊப், ஊப்' என்று அடித்தொண்டையில் ஒரு குரல் வந்ததும், "செம்போத்து, எழுதிக்கோ" என்றார். மகன் நோட்டைத் திறக்கவில்லை. "பார்க்காம எப்படி பாட்டி எழுதறது?" என்றான். "அது என்னைப் பார்த்துட்டுதான்டா கத்துது. நீ எழுது" என்றார் அம்மா. இந்த வழக்கில் சட்டம் பாட்டி பக்கம்தான் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்களுக்கு விதிகள் வகுத்திருக்கிற அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன், இனத்தை அடையாளம் காட்டுகிற அளவுக்குக் குரல் கேட்டாலே கணக்கில் சேர்க்கலாம் என்கிறது. பறவை உயிரோடு, காட்டுப் பறவையாக, கட்டுப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. அதனால் கூண்டுக் கிளியும் மிருகக்காட்சி சாலைப் பூநாரையும் சேராது. நாங்கள் குரல் மட்டும் கேட்ட பறவைக்குப் பக்கத்தில் 'கே' என்று ஓர் எழுத்து போட்டுவிடுகிறோம். சண்டை ஓய்ந்தது. இப்போது அம்மாவுக்கென்று தனிக் கணக்கே ஓடுகிறது.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, இடம், முதலில் பார்த்தவர் யார், எத்தனை பறவைகள். இவை எல்லோரும் எழுதுவதுதான். இன்னொரு கட்டமும் போடுங்கள்: அது என்ன செய்துகொண்டிருந்தது? அந்தக் கட்டத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒரு குளக்கரையில் மீன்கொத்தி ஒன்று மீனோடு வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. பெரியவர்கள் நாங்கள் 'மீன்கொத்தி, 1' என்று எழுதி முடித்துவிட்டோம். மகள் மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியது இது: "மீனின் வாலைப் பிடித்து கிளையில் அடித்தது. இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. மீன் ஆடாமல் ஆனதும் திருப்பிப் போட்டு, தலையை முதலில் விழுங்கியது." தலை ஏன் முதலில் என்று அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் பேச்சு. செதிலும் துடுப்பு முள்ளும் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் தலை முன்னால் போனால் வழுக்கிக்கொண்டு இறங்கும், வால் முன்னால் போனால் தொண்டையில் மாட்டும். எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டுப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முதல் தடவை பார்த்ததைத்தான் அது கேட்கும். ஜனவரியில் காக்கையை எழுதியாகிவிட்டது என்றால், டிசம்பர் வரைக்கும் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பட்டியலுக்கு அக்கறை இல்லை. வருஷத்தின் முதல் சில பயணங்களில் பக்கம் பக்கமாக எழுதுவோம். அப்புறம் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் புதிதாக ஒன்றோ இரண்டோதான் ஏறும். "இன்னிக்கு ஒண்ணுமே இல்லைப்பா" என்று பிள்ளைகள் முகம் தொங்கும். சுற்றிலும் பறவைகள் பறந்துகொண்டிருக்கும்போதே ஒன்றுமே இல்லை என்று சொல்ல வைக்கிற பட்டியல் நல்ல பட்டியலே இல்லை.

இதற்கு நாங்கள் கண்டுகொண்ட வழி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முழுப் பட்டியல். வீட்டுக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த, கேட்ட அத்தனையையும் காக்கை முதல் ஒன்று விடாமல் எழுதுவது. எத்தனை மணி நேரம் இருந்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதையும் குறித்துக்கொள்வது. அந்தப் பட்டியல்களிலிருந்து ஆண்டுப் பட்டியல் தானாக வந்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த பறவைகளைப் பதிவு செய்யலாம். அதுவும் நாம் பட்டியலைக் கொடுக்கும்போது, உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று கேட்கும். ஆம் என்றால்தான், எழுதாமல் விட்ட பறவையும் ஒரு செய்தியாகும். காக்கை பட்டியலில் இல்லை என்றால் அன்றைக்கு அது உங்கள் கண்ணில் படவில்லை என்று நம்பிச் சொல்லலாம். அலட்சியத்தில் விட்டுவிட்டீர்களோ என்ற சந்தேகம் வராது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: கடைசித் தேதி. வலசை வருகிற பறவைகளின் முதல் வருகையை எல்லோரும் குறித்து வைப்பார்கள். தகைவிலான் கம்பியில் வரிசையாக வந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு கொண்டாட்டம். ஆனால் அவை எப்போது போயின என்று கேட்டுப் பாருங்கள், யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் கடைசியாகப் பார்க்கிற அன்றைக்கு, இதுதான் கடைசி என்று நமக்குத் தெரியாதே. ஏற்கெனவே எழுதிய பறவைதானே என்று விட்டுவிட்டால் அந்தத் தேதி போனது போனதுதான். முழுப் பட்டியல் இருந்தால், பிற்பாடு நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டி அதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மூன்று வருஷத்து நோட்டுகள் சேர்ந்த பிறகு அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுவாரசியத்துக்கு, நூறாவது இனத்தைப் பார்த்த சந்தோஷம்கூட ஈடாகாது என்பேன். என் மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு நூறுதான் முக்கியம்.

சாதாரணப் பறவைகளை எண்ணுவதன் மதிப்பு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து, யார் அதிகமாகச் சுடுகிறார்கள் என்று வேட்டைக்குப் போகிற பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார். அந்த முதல் கணக்கெடுப்பில் 25 இடங்களில் 27 பேர் கலந்துகொண்டார்கள். அது இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1970-இலிருந்து வட அமெரிக்கா கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது, ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு, என்றது அது. தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக எடுத்த இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது. குறைந்தவற்றில் பெரும்பகுதி யாரும் கவலைப்படாத, தினமும் கண்ணில் படுகிற பறவைக் குடும்பங்கள். அரியதை மட்டும் எழுதுகிறவர்களாகவே எல்லோரும் இருந்திருந்தால் இந்தச் சேதி வெளியே வந்திருக்காது.

அடையாளம் தெரியாத பறவையை என்ன செய்வது? கேள்விக்குறி போட்டு விவரத்தை எழுதி வையுங்கள். குருவியைவிடப் பெரிதா, புறாவைவிடச் சிறிதா, கால் என்ன நிறம், தரையில் நடந்ததா, தத்தியதா. மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டே பெயர் சொல்கின்றன. உதவிதான், ஆனால் அது காட்டுகிற பெயரை அப்படியே எழுத வேண்டாம். குரல் வந்த திசையில் தேடிப் பார்த்து, நீங்களே உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். பெயர் கிடைக்காமல் கேள்விக்குறியாகவே நின்றாலும் தப்பில்லை. பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். குறிப்பாகக் கூடு கட்டுகிற காலத்தில், எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது வேலையை விட்டுவிட்டு அலையும்.

பைனாகுலர் பற்றியும் கேட்பீர்கள். 8x42 என்று அதில் எழுதியிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று வாங்கிவிடாதீர்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், காட்சிப் பரப்பும் பொதுவாகக் குறுகிவிடும், பிள்ளைகள் பறவையைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு 6 அல்லது 8 மடங்கு, எடை குறைவானது. குழந்தையின் கண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு அதை மடக்க முடிகிறதா என்று வாங்கும்போதே வைத்துப் பாருங்கள். பழக்கும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்: பறவை மேலிருந்து கண்ணை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. பைனாகுலரைக் கீழே பார்த்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருக்காது.

டிசம்பர் வந்தால் ஒரு ஜுரம் பிடிக்கும். "இன்னும் மூணு இருந்தா நூறு" என்று குடும்பப் பயணம் துரத்தலாக மாறிவிடும். ஒரு வருஷம் அப்படித் துரத்தினோம். என் அம்மா வண்டியை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார். "நீங்க போய்ப் பாருங்க, எனக்குக் கேக்கறது போதும்" என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அவர் கணக்கில் ஒரு 'கே' கூடியிருந்தது.

இந்த வாரம் எங்காவது கிளம்புவதாக இருந்தால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில். மழையில் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நன்றி, வணக்கம்.