மூலைக்கு மூலை 26 அடி

நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்கிவிட்டால், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பிவிடும். எனக்கு 13 வயதிருக்கும்போது எங்கள் வட்டாரத்து அண்ணன்மார்கள் ஒரு பந்தல் போட்டார்கள். நீளம் 24 அடி, அகலம் 10 அடி. நான்கு பக்கமும் நாடா பிடித்துப் பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது. கம்பங்களை நட்டுவிட்டார்கள். தார்ப்பாயை மேலே விரித்தால் ஒரு மூலை எட்டவில்லை. பக்கத்து மூலையில் ஓர் அடி தொங்குகிறது.

என் அப்பா தச்சு வேலை செய்தவர். வந்து பார்த்தார். நாடாவின் முனையை என்னிடம் கொடுத்து, "மூலைக்கு மூலை பிடி" என்றார். ஒரு பக்கம் 27 அடி வந்தது. மறுபக்கம் 25 அடிக்கு அரை அங்குலம் குறைவு.

"பந்தல் கோணியிருக்கு" என்றார்.

இதை நான் பிறகு ஆசிரியராகி எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். சுற்றளவு என்ன? 24-ம் 10-ம் 34, அதன் இரு மடங்கு 68 அடி. பந்தல் கோணினாலும் அது 68-தான், மாறவே மாறாது. பரப்பளவு 24 பெருக்கல் 10, 240 சதுர அடி. கோணலில் ஒன்றரைச் சதுர அடிதான் குறைந்திருக்கும், அது யார் கண்ணுக்குப் படும்? கோணலைக் காட்டிக் கொடுத்தது மூலைவிட்டம் மட்டுமே.

பிள்ளைகள் சுற்றளவையும் பரப்பளவையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். "தோரணம் கட்டப் போகிறாயா, பாய் விரிக்கப் போகிறாயா?" என்று கேட்பேன். தோரணத்துக்குச் சுற்றளவு, பாய்க்குப் பரப்பளவு. அதே 68 அடித் தோரணம் 30-க்கு 4 இடத்தையும் சுற்றி வரும், 17-க்கு 17 இடத்தையும் சுற்றி வரும். ஆனால் முன்னதில் 120 சதுர அடிப் பாய், பின்னதில் 289.

மூலைவிட்டத்துக்கு, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் பைதாகரஸ் தேற்றம் படிக்கிறார்கள். 24-இன் வர்க்கம் 576, 10-இன் வர்க்கம் 100. கூட்டினால் 676, அதன் வர்க்கமூலம் 26. அப்பாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. அவர் கையில் நம்மவர்களின் பழைய கணக்கு ஒன்று இருந்தது: நீளத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைத் தள்ளு, மிச்சத்தோடு அகலத்தில் பாதியைச் சேர். 24-இல் 3 போக 21, அதோடு 5. அதே 26!

எனக்கு இந்தக் கணக்கின்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். நீளமும் அகலமும் 4-க்கு 3, அல்லது 12-க்கு 5 என்ற விகிதத்தில் இருந்தால் மட்டுமே இது அச்சாகப் பொருந்தும். 70-க்கு 20 அடித் தொடர்வீட்டு மனைக்குப் போட்டுப் பாருங்கள், 71 அடி 3 அங்குலம் வரும். உண்மையில் ஏறக்குறைய 72 அடி 10 அங்குலம். சுவர் எழுப்புகிறவர் இதை நம்பிக் கல் வைக்கக் கூடாது.

இன்னொன்று. எதிரெதிர்ப் பக்கங்களைச் சரிபார்த்த பிறகுதான் மூலைவிட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் அகன்று எதிர்ப்பக்கம் ஒடுங்கிய சரிவகத்திலும் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரலாம்.

அன்று ஒரு நீளப் பக்கத்துக் கம்பங்களைத் தளர்த்தி, மொத்தமாக ஓர் அடிக்குச் சற்று அதிகமாக நகர்த்தினார்கள். நான் நாடா முனையை விடவில்லை. இரண்டு பக்கமும் 26 அடி வந்ததும் அப்பா, "இறுக்கு" என்றார். தார்ப்பாய் நான்கு மூலையிலும் போய் உட்கார்ந்தது.

நன்றி, வணக்கம்.