கட்டிக்குள் நிற்கும் நம் அணுக்கள்

அவையோருக்கு வணக்கம். பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "டாக்டர், எத்தனையாவது கட்டம்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே கட்டத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்ட இருவரில் ஒருவர் பல ஆண்டு நலமாக நடமாடுகிறார், மற்றவருக்கு நோய் விரைவில் திரும்பிவிடுகிறது. இந்த வேறுபாட்டில் கட்டிக்குள் புகுந்திருக்கும் நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் பங்கு உண்டு.

திசுவை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறோம். புற்றணுக்கள் பெரிதாக, கோணல்மாணலான உட்கருக்களோடு தெரியும். அவற்றின் நடுவே சின்னஞ்சிறு அடர்நீல உருண்டைகள் தெரிந்தால் அவை லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்கள். சிடி8 என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றினால், அவற்றில் புற்றணுவைக் கொல்லக்கூடிய டி செல்கள் மட்டும் பழுப்பாகத் துலங்கும். அவை எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் கூட்டம் என்றால், கோயிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்போம் அல்லவா? இங்கும் அதே கேள்விதான். கட்டியின் விளிம்போடு நின்றுவிட்ட டி செல்களால் பெரிய பயனில்லை. உள்ளே நிறைந்திருந்தால் பொதுவாக நோயாளியின் ஆயுள் கூடுகிறது.

உள்ளே இருப்பவை எல்லாம் நமக்கு வேண்டியவையும் அல்ல. கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு அணுக்களான மேக்ரோஃபேஜ்களில் ஒரு வகை, கட்டிக்குப் புது இரத்தக்குழாய் வளர உதவி செய்கிறது. சொந்த அணுக்களே சோரம்போகும் கதை இது.

இன்னொரு முரணும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியால் பல்லாண்டு நீடிக்கும் அழற்சியில் தொடங்குகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். அழற்சி என்பதே எதிர்ப்பு அணுக்களின் வேலைதான். அதாவது, புற்று உருவாகத் துணைபோன கூட்டமே பிறகு அதை எதிர்க்கவும் செய்கிறது. சிங்கப்பூரில் இந்தக் கிருமித் தொற்று சீனர்களைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்பட்டது. இரைப்பைப் புற்றுநோயோ சீனர்களிடம்தான் அதிகம். கிருமியின் வகை, உணவு, மரபணு, எதிர்ப்பு அணுக்களின் போக்கு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அதற்காக நமக்கு வராது என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்!

2014இல் 295 கட்டிகளை ஆராய்ந்த ஒரு பெரிய அமெரிக்கத் திட்டம், இரைப்பைப் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ளவை சுமார் 9 விழுக்காடு. டிஎன்ஏ பிழைகளைத் திருத்த முடியாத எம்எஸ்ஐ வகை சுமார் 22 விழுக்காடு. இவ்விரண்டிலும் டி செல்கள் மொய்த்திருப்பது வழக்கம். அப்படியானால் கட்டி ஏன் அழியவில்லை? புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி, வந்த டி செல்லை அடக்கிவிடுகிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த அடக்குமுறையைத் தடுக்கின்றன. எல்லாருக்கும் பலன் தருவதில்லை; எம்எஸ்ஐ வகையினருக்கு வாய்ப்பு அதிகம். "எதிர்ப்புச் சக்தி"ப் பொடிகள் இந்த வேலையைச் செய்யா. காசை மிச்சப்படுத்துங்கள்.

எனவே நோய் முற்றியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், எம்எஸ்ஐ, பிடி-எல்1, ஹெர்2 (புற்றணுவின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) சோதனைகள் செய்தாயிற்றா என்று கேளுங்கள். எண்டோஸ்கோபியில் எடுத்த திசு மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்படுகிறது. பெரும்பாலும் அதிலேயே இவற்றைச் செய்துவிடலாம். மறுபடி குழாய் விழுங்க வேண்டியிராது.