“இவன் உங்க பிள்ளையா?” – தத்துப்பிள்ளை எதிர்லயே கேட்டா என்ன சொல்றது?

அடுத்த கேள்வி நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. அவங்களும் வீட்டுக்காரரும் தமிழ்க்காரங்க. தத்தெடுத்த பையன் கறுப்பினக் குழந்தை, ஆறு வயசு. கடையில, பார்க்ல, கோயில்ல முன்பின் தெரியாதவங்க “இவன் உங்க பிள்ளையா? பெத்தவ யாரு? எவ்வளவு செலவாச்சு?”ன்னு அவன் எதிர்லயே கேக்கறாங்களாம்.

கேக்கறவர் ரெண்டு நிமிஷத்துல போயிடுவார். பக்கத்துல நின்னு கேட்டுட்டிருக்கிற பையனுக்குத்தான் நீங்க பதில் சொல்றீங்க. “ஆமாங்க, என் பிள்ளைதான்.” அவ்வளவு போதும், குரல் சாதாரணமா இருக்கட்டும். விளக்கிக்கிட்டே போனா, நாம இதை நிரூபிக்கணுமோன்னு அவனுக்குத் தோணும். கோபப்பட்டா, தத்து வந்ததுல ஏதோ தப்பு இருக்குன்னு எடுத்துக்குவான்.

மேரிலாந்துல இருக்கிற ஒரு தத்தெடுப்பு ஆதரவு மையம் குழந்தைகளுக்குன்னே ‘வைஸ் அப்’னு ஒரு பயிற்சி வச்சிருக்கு. நாலு வழி: பேசாம நகர்ந்துடலாம், “அது எங்க சொந்த விஷயம்”னு சொல்லலாம், கொஞ்சம் மட்டும் சொல்லலாம், இல்லே தத்துன்னா என்னன்னு புரிய வைக்கலாம். எதைன்னு முடிவு பண்றது குழந்தை. ஆறு வயசுல தாராளமா ஆரம்பிக்கலாம். கார்ல போகும்போது பத்து நிமிஷம் நீங்க வம்பு கேக்கற ஆன்ட்டியா நடிங்க, அவன் பதில் சொல்லட்டும், அப்புறம் மாத்தி விளையாடுங்க. உங்க கையை அவன் ரெண்டு தடவை அழுத்தினா ‘அம்மா, நீயே பேசிக்கோ’ன்னு அர்த்தம். அப்படி ஒரு சைகை முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

பெத்தவங்க யாரு, ஏன் கொடுத்தாங்க – இதெல்லாம் அவனுக்குச் சொந்தமான விஷயம், யார்கிட்டயும் விடாதீங்க. பக்கத்து வீட்டுல இன்னிக்குச் சொன்னா, ஸ்கூல் பஸ்ல அந்த வீட்டுப் பிள்ளை வாய் வழியா இவன் காதுக்கு வந்துரும்.

நம்ம ஆளுங்ககிட்ட வேற தொல்லை. “பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க”ம்பாங்க. பாராட்டுதான், ஆனா பையனுக்கு ‘நான் இவங்க பண்ணின தர்மம்’னு கேக்கும். “புண்ணியமெல்லாம் இல்லைங்க, பிள்ளை வேணும்னு நாங்கதான் ஆசைப்பட்டோம்”னு திருப்பிடுங்க. “கொஞ்சம் கலரா கிடைக்கலையா?”ன்னு யாராவது கேட்டா மட்டும் நகர்ந்து போகாதீங்க. “அவன் முன்னாடி அப்படிப் பேசாதீங்க”ன்னு அங்கேயே, அவன் காதுபடச் சொல்லணும். நீங்க சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா நினைப்பான்.

அப்புறம் முடி. யாராவது தொட வந்தா நடுவுல உங்க கையை நீட்டி, “தொடாதீங்க, அவனுக்குப் பிடிக்காது”ன்னுடுங்க. ஆனா ஒரு கறுப்பினப் பெண்மணி வந்து முடியைப் பத்திப் பேசினா, அதை வம்புன்னு ஒதுக்காதீங்க. அது பெரும்பாலும் பிள்ளை மேல இருக்கிற அக்கறைதான். நல்ல பார்பர் யாருன்னு அவங்ககிட்டயே கேளுங்க. சுருள் முடிக்கு நம்ம ஊர் வழக்கப்படி காய்ஞ்ச தலையில தேங்காய் எண்ணெய் வழிய விட்டா வறட்சி போகாது. தண்ணியால ஈரமாக்கி, கண்டிஷனர் போட்டு, அகலப்பல் சீப்பால நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, கடைசியாத்தான் எண்ணெய்.

ஏர்போர்ட் கதை வேற. அமெரிக்க பாஸ்போர்ட்ல அப்பா அம்மா பேர் இருக்காது, அதனால அது மட்டும் உறவைக் காட்டாது. தத்துக்கு அப்புறம் வாங்கின, உங்க பேர் போட்ட பிறப்புச் சான்றிதழோட நகலும் கோர்ட் தத்து உத்தரவோட நகலும் கைப்பையில இருக்கட்டும். ஒருத்தர் மட்டும் பிள்ளையைக் கூட்டிட்டு வெளிநாடு போனா, மத்தவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரி பண்ணிச் சேர்த்து வச்சுக்கங்க. அதிகாரி கேட்டா, பையனை நகர்ந்து நிக்கச் சொல்லாம, அவன் பக்கத்துல இருக்கும்போதே பேப்பரை அமைதியா நீட்டுங்க.