கொல்லியே இரையான குகை

அவையோர்க்கு வணக்கம்.

பழைய ஓவியத்தில் பூஞ்சை படர்ந்திருக்கிறது என்றால், மருந்தடித்துக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான சுவரோவியங்களைக் கொண்ட பிரான்சின் லாஸ்கோ குகையே போதிய சான்று.

1940 செப்டம்பரில் கண்டறியப்பட்ட அக்குகை 1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாள்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்துபோக, அவர்களுடைய மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் உடல்வெப்பமும் விளக்கொளியும் சேர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக உள்ளே நிலைத்திருந்த சமநிலையைக் குலைத்தன. பாறையில் பச்சைப்பாசி பிடித்தது. 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார்.

2001இல் புதிய காற்றுச்சீரமைப்புக் கருவி பொருத்திய சில காலத்திலேயே ஃபுசேரியம் சொலானி என்னும் வெண்பூஞ்சை தரையிலும் பாறை விளிம்புகளிலும் பஞ்சுபஞ்சாகப் படர்ந்தது. தரையில் சுட்ட சுண்ணாம்பைப் பரப்பினார்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்னும் கிருமிக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். வெண்மை அடங்கியது, ஆனால் கரும்புள்ளிகள் கிளம்பின. ஆராய்ந்தபோது, அந்த மருந்தைத் தாங்கி வாழக்கூடிய பாக்டீரியாக்களே குகையில் மிகுந்திருப்பது தெரியவந்தது. மருந்து சிதைந்ததால் கிடைத்த கார்பனும் நைட்ரஜனும் எஞ்சிய நுண்ணுயிர்களுக்கு இரையாகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பூஞ்சையைத் தின்னும் இறக்கையற்ற சிற்றுயிர்கள் பெருகி, அதன் வித்துகளை இடம்விட்டு இடம் சுமந்து சென்றன. கரும்பூஞ்சையின் கருமை மெலனின் என்னும் நிறமியால் வருவது. பூஞ்சை மடிந்தாலும் கறை போவதில்லை, அழுத்தித் துடைத்தால் ஓவியமும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு சிகிச்சையும் அடுத்த நோய்க்கு இடம் அமைத்துக் கொடுத்தது என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்கிறேன். எகிப்தில் பண்டைய மன்னன் துட்டன்காமனின் ஓவியம் தீட்டிய கல்லறைச் சுவர்களெங்கும் பழுப்புப் புள்ளிகள் உண்டு. அவை வளர்கின்றன என்ற அச்சம் எழுந்தபோது, ‘கெட்டி’ (Getty) என்னும் அமெரிக்கக் கலைப் பாதுகாப்பு நிறுவனத்தினர் மருந்தைக் கையில் எடுக்கவில்லை. கல்லறை அகழப்பட்ட 1920களில் புகைப்படக் கலைஞர் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களோடு புள்ளிகளை ஒப்பிட்டார்கள். புள்ளிகள் பெருகவில்லை, அவற்றுக்குக் காரணமான நுண்ணுயிர்கள் எப்போதோ இறந்துவிட்டிருந்தன. கறை வண்ணப்பூச்சுக்குள்ளேயே ஊறியிருந்ததால் அதை அகற்ற முயலாமல், பார்வையாளர்களால் சேரும் ஈரத்தையும் தூசியையும் குறைக்கும் காற்றோட்ட ஏற்பாட்டை அமைத்தார்கள். சுவரில் கைவைக்கும் முன், அங்கிருப்பது உயிரோடு இருக்கிறதா, அதற்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்னும் இரு கேள்விகளுக்கு அவர்கள் விடை தேடியதைத்தான் நான் முறையான சிகிச்சை என்பேன்.