கொட்டாவி விடும் நரி

[திரையில்: இரட்டைக் கிளை விளக்கில் எரியும் மெழுகுவர்த்திகள்]

இந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் கவனியுங்கள். வாள் சரேலென்று அதைக் கடந்து போகிறது. சுடர் அணையவில்லை, மெழுகும் சாயவில்லை. குறி தப்பிவிட்டது என்று எதிராளி வாய்விட்டுச் சிரிக்கிறான். சற்று முன் அவன் வீசிய வீச்சில் இன்னொரு மெழுகுவர்த்தியின் தலை துண்டாகித் தெறித்திருந்தது. அந்தத் திமிர் அவனுக்கு. இவன் பதிலே பேசாமல், எரிகிற மெழுகுவர்த்தியின் மேல்பாதியைத் தூக்கிக் காட்டுகிறான். அது எப்போதோ அறுபட்டுவிட்டது.

1940-இல் வெளிவந்த ‘தி மார்க் ஆஃப் ஸோரோ’ படத்தின் காட்சி இது. இயக்கியவர் ரூபன் மமூலியன். தூக்கிக் காட்டுபவர் டைரோன் பவர். சிரித்து ஏமாந்தவர் பேசில் ராத்போன்.

கதை நடப்பது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கலிபோர்னியாவில். மாட்ரிட்டில் வாள் பயின்ற டியேகோ வேகா (பவர்), அப்பா அழைத்ததால் லாஸ் ஏஞ்சலிஸ் திரும்புகிறான். வந்து பார்த்தால் ஊர்த்தலைவர் பதவியில் அப்பா இல்லை. அந்த நாற்காலியில் குவிண்டேரோ என்ற பேராசைக்காரன். அவனுக்குத் துணையாக, கையிலிருந்து வாளைக் கீழே வைக்காத கேப்டன் எஸ்டபான் (ராத்போன்). குடியானவர்களைப் பிழிந்து வரி வசூலிக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட நொடியில் டியேகோ வாளை எடுப்பதில்லை. கைக்குட்டையை எடுக்கிறான்.

[திரையில்: பட்டு உடையில் டியேகோ, கையில் கைக்குட்டை]

மினுக்கும் உடை, நளினமான நடை, எதற்கெடுத்தாலும் அலுப்பு. பெற்ற அப்பாவே மனம் நொந்துபோகிறார். இரவில் ஸோரோ என்ற பெயரில் கறுப்பு முகமூடி கட்டிக் குதிரை ஏறுகிறவன் இவன்தான் என்று யார் நினைப்பார்கள்? ஸோரோ என்றால் ஸ்பானிய மொழியில் நரி. என்னைக் கேட்டால், நரி வேலை முழுக்கப் பகலில்தான் நடக்கிறது.

குவிண்டேரோவின் உடன்பிறந்தவர் மகள் லோலிடாவோடு அவன் ஆடும் நடனத்தைப் பாருங்கள். இசை சூடுபிடிக்கச் சூடுபிடிக்க, அவன் கால்கள் பொய் சொல்ல மறந்துவிடுகின்றன. அவள் கண்கள் மின்னுகின்றன. ஆட்டம் முடிந்ததும் ஐயோ களைப்பாக இருக்கிறதே என்று அவன் அலுத்துக்கொள்ள, அவள் முகம் அப்படியே வாடிவிடுகிறது. வாள் சண்டையைவிட நடிக்கக் கடினமான இடம் இது. பவருக்கு இதற்காகத் தனியாகக் கைதட்டலாம்.

ஜான்ஸ்டன் மெக்கலி 1919-இல் ஒரு வார இதழில் தொடராக எழுதிய மூலக்கதையில், டியேகோதான் ஸோரோ என்பது கடைசியில்தான் உடைகிறது. இந்தப் படம் அந்தச் சீட்டை ஆரம்பத்திலேயே நம்மிடம் காட்டிவிடுகிறது. ஊரே அவனை இளக்காரமாகப் பார்க்க, நாம் மட்டும் உள்ளுக்குள் சிரிக்கிறோம். நம்மையும் கூட்டுக்களவாணியாக்கிவிட்டார் மமூலியன்.

[திரையில்: இரண்டு வாள்கள் மோதும் காட்சி]

இனி, டியேகோவும் எஸ்டபானும் மோதும் அந்த வாள் சண்டை. ஆல்ஃபிரட் நியூமனின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் இங்கே இசையே கிடையாது. இரும்பு இரும்போடு உரசும் ஓசையும் இருவரின் காலடியும்தான். சண்டையை வடிவமைத்தவர் ஃப்ரெட் கேவன்ஸ். சில ஷாட்களில் பவருக்குப் பதிலாக வாள் பிடித்தவர் அவருடைய மகன் ஆல்பர்ட். உண்மையில் திரையில் தோற்கிற ராத்போன்தான் கைதேர்ந்த வாள்வீரர். 1935-இல் ‘கேப்டன் பிளட்’, 1938-இல் ராபின் ஹூட் படம் என இரண்டிலும் நாயகன் எரோல் ஃபிளினிடம் தோற்றுச் செத்தவர், இங்கேயும் சாக வேண்டும். வில்லனாகப் பிறந்தால் வேறு வழி?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சண்டையில் முகமூடியே இல்லை. அதே பகட்டு உடையில், டியேகோவாகவே நின்று சண்டையிடுகிறான். குத்துப்பட்ட எஸ்டபான் சுவரில் மோதிச் சரியும்போது, அங்கே மாட்டியிருந்த படம் கழன்று விழுகிறது. அதன் பின்னால், முன்பொரு இரவில் ஸோரோ கீறிவிட்டுப் போன, தன் பெயரின் முதல் எழுத்தான ‘இசட்’.