வீட்டில் யாரும் சொல்லாத சொல்

வணக்கம். பனி கொட்டும் ஒரு வாரத்தில் வீட்டுக்குள் இருந்து எழுதுவது எப்படி இருக்கும் என்று வானொலியில் எட்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். கேட்டவரின் மனதில் ஒரு படம் இருந்திருக்கும்: ஜன்னலோரம் மேசை, ஆவி பறக்கும் தேத்தண்ணி, வெளியே வெள்ளை, உள்ளே அமைதி. எனக்கும் அந்தப் படம் இருந்தது. 2025 பெப்ரவரியோடு அது போய்விட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். 8ஆம் திகதிக்கும் 16ஆம் திகதிக்கும் இடையில் ரொறன்ரோவில் மூன்று தடவை கொட்டித் தீர்த்தது. மொத்தம் 50 சென்ரிமீற்றருக்கு மேல். வாரிய பனியை லொறிகளில் ஏற்றி ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய்க் கொட்டி முடிக்கவே நகரத்துக்கு வாரக்கணக்கானது.

நகரத்தின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மம்மா, அப்பா, அம்மா, தம்பி, நான். எழுதுவதற்கென்று எனக்கு அறை கிடையாது. நிலக்கீழ்ப் பகுதியில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. வழமையான நாட்களில் பகலில் அம்மம்மாவும் நானும்தான். அவர் மேலே ரீவி பார்ப்பார், நான் கீழே எழுதுவேன். பனி வாரத்தில் அம்மாவைத் தவிர எல்லோரும் வீட்டில். தம்பிக்கு வகுப்பு கணினியில். அப்பாவுக்கு வேலை இல்லை, அதனால் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்குத் தேத்தண்ணி தேவை. உடுப்பு மெசின் ஓயவே இல்லை, நனைந்த காலுறை அவ்வளவு. மூன்று நாளில் என் கதையில் நான் எழுதியது ஒரு பந்தி. அதிலும் பாதியை வெட்டிவிட்டேன்.

எழுதாத நேரத்தில் என்ன செய்தேன் என்றால், பனி தள்ளினேன். தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். கார் நிற்கும் இடம் 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். அதில் 25 சென்ரிமீற்றர் பனி. புதுப் பனியில் 10 சென்ரிமீற்றர் உருகினால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர்தான் வரும், அவ்வளவு காற்று உள்ளே. அப்படிப் பார்த்தாலும் 450 கிலோ. "அக்கா, அரை டன் கிட்ட," என்றான். கணக்கைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஷவல் என் கையில் இருந்தது. நான் தள்ளி முடித்துக் கையுறையைக் கழற்றும்போது வீதியைத் துப்புரவாக்கும் வண்டி வந்து, வீதியில் கிடந்ததையெல்லாம் எங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போனது. அதற்கு அப்பா சொன்ன சொல்லை வானொலியில் சொல்ல முடியாது.

அப்புறம் உப்பு. படியில் ஒரு வாளி உப்பை நான் அள்ளி எறிந்ததை ஜன்னலால் பார்த்த அம்மம்மா, கதவைத் திறந்து, "என்ன பிள்ளை, உப்பை நிலத்தில கொட்டுறாய்? வீட்டில சண்டை வரப்போகுது," என்றார். ஆனையிறவு உப்பைத் துண்டில் கட்டி வைத்துப் பாவித்த மனிசி. உப்பு சிந்தினால் கையால் கூட்டி எடுக்கிறவர். இந்த மாகாணத்தில் கொட்ரிச் என்ற ஊரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது, நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது, அங்கே வெட்டுகிற உப்பை வீதிக்குத்தான் கொட்டுகிறார்கள் என்று விளக்கினேன். "வீதிக்கோ?" என்று மட்டும் கேட்டார். அன்று வீட்டில் சண்டை வந்தது உண்மை. ஆனால் அது ரீவி ரிமோட்டுக்காக.

வீட்டில் நிற்காதவர் அம்மா ஒருவர்தான். அவருக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஸ்நோ நிற்கட்டும் என்று அவரிடம் சொல்ல முடியுமா? ஸ்காபரோவில் ஓடிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். இப்போது பஸ்தான். இரண்டாவது புயல் அன்று விடிய நாலே முக்காலுக்கு அம்மா வெளிக்கிட்டார். வழக்கமாக பஸ் வந்து நிற்கிற சத்தம் எனக்குப் படுக்கையிலேயே கேட்கும், அம்மா ஏறிவிட்டார் என்று மறுபடி கண்ணை மூடுவேன். அன்று ஒன்றும் கேட்கவில்லை. புதுப் பனிக்குள் அடைபட்ட காற்றுத் துவாரங்கள் ஒலியைக் குடித்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், காது அடைத்த மாதிரி ஒரு தெரு. எழும்பிப்போய் ஜன்னலால் பார்த்தேன். படியிலிருந்து வீதிவரை அம்மாவின் சப்பாத்துத் தடம். பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணித்தியாலத்தில் அது இல்லை. அதற்குப் பிறகுதான் போனில் ஒரு சொல் வந்தது: "ஏறீட்டன்."

அன்று 13ஆம் திகதி, மாசி முதலாம் நாள். தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலை மட்டும் வைக்கவில்லை, பின்பனியும் அதற்கு உரியது என்கிறது. பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். பாலையின் பொருள் பிரிவு. கள்ளியும் வெடித்த நிலமும்தான் பாலை என்று தமிழ் வகுப்பில் படித்த எனக்கு, அன்று விடிய அந்த மற்ற வரி ஞாபகம் வந்தது. உடனே கீழே போய் எழுதினேன்: "பனி பெய்தது. அம்மாவின் தடம் மறைந்தது." நல்லா வந்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதிகமாகவே நினைத்தேன்.

அம்மம்மாவுக்குக் கண் மங்கல், நான் எழுதுவதை வாசித்துக் காட்டுவேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தேன். புட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"பனியில எப்பிடித் தடம் மறையும்? பனியிலதான் தடம் தெரியும். விடியப் புல்லில பனி கிடக்கேக்க மாடு போன வழி கோடு போட்ட மாதிரி இருக்கும். அதைப் பாத்துத்தான் உங்கட தாத்தா மாடு தேடிப் போறவர்."

"இது அந்தப் பனி இல்லை அம்மம்மா. வெளியில கொட்டுதே, அது."

"அது ஸ்நோவெல்லோ."

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இதைப் பனி என்று யாருமே சொல்வதில்லை. அம்மா, "ஸ்நோ கொட்டுது, சப்பாத்தைப் போடு" என்பார். அப்பா, "ஸ்நோ தள்ளியாச்சோ?" என்பார். தமிழில் நாலு சொல்கூடச் சேர்த்துப் பேசாத தம்பிக்கும் ஸ்நோதான். வீட்டில் பனி என்ற சொல்லைப் பாவிப்பவர் அம்மம்மா ஒருவர், அதுவும் ஊர்க் கதை சொல்லும்போது: பனிக்குள்ள போகாதே, தலையை மூடு, சளி பிடிக்கும். அவருடைய பனி மார்கழி விடியலில் புல்லில் கிடப்பது. நான் மட்டும்தான், எழுதும்போது மட்டும், அந்தச் சொல்லை எடுத்து இந்த வெள்ளைக் குவியலின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாற்றி எழுதினேன். "ஸ்நோ கொட்டியது. அம்மாவின் தடம் மூடிப்போனது." வாசிப்பு வட்டத்து நண்பர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் என்றார். நியாயமான கேள்விதான். என்னிடம் முழுப் பதில் இல்லை. கதையில் அம்மம்மா வருகிற இடங்களில் பனியை அப்படியே விட்டிருக்கிறேன், வாசலில் கிடப்பதற்கு மட்டும் ஸ்நோ. கதை இன்னும் முடியவில்லை.

சித்திரை வருசத்துக்குச் சாமான் வாங்க அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு பிளாசாவுக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்தின் மூலையில், வாரி ஒதுக்கிய குவியல் அப்போதும் கிடந்தது. கறுத்து, மண்ணும் கோப்பிக் குவளைகளும் ஒட்டி. அம்மம்மா பொல்லால் அதைக் குத்திப் பார்த்தார்.

"இது பனியோ, ஸ்நோவோ?" என்று கேட்டேன்.

"இது குப்பை," என்றார். "வா, வெத்திலை முடிஞ்சிடும்."